அதே எழுபத்திரண்டு கிலோ

என் வீட்டுக்காரருக்கு 'எடைக்கல்' என்று பெயர் வைத்தது நான் இல்லை. அவரோடு வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. நான் வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக ஏதாவது வைத்திருப்பேன்.

அவருக்குத் தராசு பழுது பார்க்கிற வேலை. கடை மேசையில் உட்கார்ந்திருக்கும் சின்னத் தராசிலிருந்து, கிடங்கில் மூட்டைகளை ஏற்றி நிறுக்கிற இரும்பு மேடைத் தராசு வரை எல்லாம் பார்ப்பார். வேலை முடிந்ததும் முத்திரை போட்ட எடைக்கற்களை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தக் கற்களை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னால் இவரே ஷூவைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி நிற்பார். எழுபத்திரண்டு காட்டினால் தராசு சரி. காட்டாவிட்டால் கோளாறு தராசில். இவரிடம் கோளாறு இருக்கலாம் என்ற எண்ணமே பதினோரு வருஷமாக அவருக்கு வந்ததில்லை. கல்யாண வாழ்க்கையிலும் அப்படித்தான்.

நான் டெய்லர். வீட்டு முன்னறையில் மூன்று மெஷின் போட்டிருக்கிறேன். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சீருடைச் சட்டை தைப்பது என் வேலை. எந்த ஆர்டர் வந்தாலும் மீடியம் சைஸில் ஒரு மாதிரிச் சட்டை தைத்து, அதை அவருக்குப் போட்டுப் பார்த்துத்தான் மற்றதை வெட்டுவேன். மீடியம் என்றால் அவர், அவர் என்றால் மீடியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கைகளை விரித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். குண்டூசி குத்தினால் மட்டும் கத்துவார். என் நோட்டில் 'மீடியம்' என்று ஒரு பக்கமே அவருக்காக ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் தேதி போட்டுக் கழுத்து, தோள், மேற்கை, இடுப்பு என்று எழுதி வைப்பேன். ஆக வெளியில் எடைக்கல், வீட்டில் பொம்மை. இரண்டாவது வேலைக்குச் சம்பளம் இல்லை.

இதில் எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு.

"உன் டேப்பை இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். தராசு யாருக்கும் பல்லிளிக்காது" என்பார்.

"தராசு ஆளை மொத்தமா தூக்கி நிறுத்திச் சொல்லும். எது எங்க இருக்குன்னு டேப்புக்குத்தான் தெரியும்" என்பேன்.

யாரும் ஜெயித்ததில்லை. ஜெயித்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச ஒன்றும் இருக்காது என்று இருவருமே விட்டு வைத்திருந்தோம்.

வினை என் தம்பி வீட்டில் ஆரம்பித்தது. அவன் மகளின் பிறந்தநாள். எல்லோரும் சுற்றி நிற்கும்போது அவன் என் வீட்டுக்காரரின் வயிற்றைத் தட்டி, "என்ன மச்சான், எத்தனையாவது மாசம்?" என்று கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் என் சிரிப்புதான் சத்தமாகக் கேட்டது. இவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சாப்பாடு பாதியானது. நாலு வாய் சாப்பிடுவார், தட்டைத் தள்ளுவார். "போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு." என்ன வைத்தாலும் இதே பாட்டு. இவருடைய ரோஷம் எனக்குத் தெரியாதா? ஒரு முறை நான் அவருடைய மீசையைப் பற்றி ஏதோ சொன்னேன் என்று மீசையையே எடுத்துவிட்டு, வளரும் வரைக்கும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு திரிந்தவர். தம்பி சொன்னதற்காகப் பட்டினி கிடக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஆனால் வேலைக்குப் போகும்போது பேண்ட் கொக்கி மாட்டாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் தவிப்பதையும் பார்த்தேன். பாவமாக இருந்தது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். ஆண்கள் பேண்டில் பின்தையலுக்குள் கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்போம். அதைப் பிரித்து, ஒரு அங்குலம் தள்ளித் தைத்தேன். நாலு பேண்டையும் அவருக்குத் தெரியாமல் முடித்து இஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன். பெல்ட்தான் பிரச்சனை. அதே பழுப்பு நிறத்தில் கொஞ்சம் நீளமாக ஒன்று வாங்கி, எண்ணெய் தேய்த்து, மணல்தாளால் உரசி, பழசாக்கினேன். மூன்றாவது ஓட்டையை மட்டும் ஆணியால் நெருடி, வருஷக்கணக்காகக் கொக்கி மாட்டியது மாதிரி ஒரு தழும்பும் உண்டாக்கினேன். அந்தக் கைவேலையை நல்ல காரியம் எதற்காவது காட்டியிருந்தால் பரிசே கொடுத்திருப்பார்கள்.

காலையில் அவர் பெல்ட்டை மாட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"பாரு, அதே மூணாவது ஓட்டை. உன் தம்பிக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடு."

"குடுத்துடலாம்ங்க. நீங்க முதல்ல ஒழுங்கா சாப்பிடுங்க."

சாப்பிடவில்லை. ரோஷம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று அடுத்த மாதம் இன்னொரு அங்குலம் விட்டேன். பிறகு இன்னொன்று. உள்ளே துணி தீர்ந்ததும் அதே நிறத் துணியில் முக்கோணமாக வெட்டி ஒட்டுக் கொடுத்தேன். இரண்டாவது பெல்ட்டையும் பழசாக்கினேன். மூன்று மாதம் இப்படி ஓடியது. அவர் தினமும் தராசில் ஏறி நின்றுவிட்டு வந்து, "அதே எழுபத்திரண்டு" என்பார். நானும் தலையாட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரிச் சட்டை வேறு வேடிக்கை காட்டியது. வயிற்றில் பட்டன் திணறியது. தோளில் தொளதொளவென்று சரிந்தது. ஒரே ஆளுக்கு மேலே ஸ்மால், கீழே லார்ஜ். எழுத வேண்டியதை எழுதிக்கொண்டேதான் வந்தேன். எழுதிவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? டேப் நைந்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். காலையில் அவருடைய தலையணை உறை நனைந்திருக்கும். அதற்கு ஃபேனைத் திட்டினேன். இருபது வருஷம் மனிதர்களை அளந்தவள், எதிரே நின்ற மனிதரைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஒரு நாள் கிடங்கில் மேடைத் தராசுக்கு அடியில் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. மூச்சு வாங்கியதாம். கூட இருந்தவர்கள் என் தம்பிக்குப் போன் செய்ய, அவன் பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போனான். ஸ்கேனும் ரத்தம், இதயச் சோதனைகளும் எடுத்தார்கள். வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வயிற்றில் நீர் என்றதும் எல்லோருக்கும் ஒரே ஞானம் வந்துவிட்டது. தம்பி அவரைத் தனியாக ஓரங்கட்டி, "மச்சான், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" என்று கேட்டான். இருமல் மருந்தையே முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்கிற மனிதர் அவர். என்னிடம் பட்டன் தைக்கிற பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்து இரக்கமாகத் தலையாட்டினார்கள். நான் அவர்களைத் திட்டினேன். திட்டிவிட்டு, அவர் வேலைக்கு எடுத்துப் போகிற தண்ணீர் பாட்டிலைத் திறந்து நானும் முகர்ந்து பார்த்தேன். தண்ணீர்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். டாக்டர் ஒரு பெண்மணி. நல்ல கூர்மையான முகம், ஆனால் வெள்ளைக் கோட்டு மகா மோசம். தோள் தையல் முழங்கையை விசாரிக்கப் போயிருந்தது. அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப். என் கழுத்தில் டேப். அவசரத்தில் கழற்ற மறந்து அப்படியே வந்திருக்கிறேன். நாங்கள் இருவரும் ஒருவர் கழுத்தை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டோம்.

"குடிப்பீங்களா?" என்று முதல் கேள்வி.

"இல்லை" என்றார் இவர்.

"டாக்டர்கிட்ட மறைக்காதீங்க மச்சான்" என்றான் தம்பி.

"நீ வாயை மூடு" என்றேன் நான்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். "ஈரல் நல்லாத்தான் தெரியுது. இதயம், கிட்னி டெஸ்ட் எல்லாம் சரியா இருக்கு. நீர் எதனால வந்துச்சுன்னு தெரியணும். எத்தனை நாளா வயிறு பெருசாகுது?"

"பெருசாகவே இல்லையே" என்றார் இவர். "எனக்கு முன்னாடியே கொஞ்சம் தொந்தி உண்டு. எடை எழுபத்திரண்டு. பதினோரு வருஷமா அதே எடை. நான் தராசு மெக்கானிக், என் தராசு தப்பு சொல்லாது. பெல்ட்கூட அதே மூணாவது ஓட்டை. பாருங்க." எழுந்து நின்று பெல்ட்டைக் காட்டினார். என் தழும்பு வெளிச்சத்தில் மினுமினுத்தது.

டாக்டர் எழுதிக்கொண்டார். "அப்போ இது ரொம்ப மெதுவா, நாள்பட்டு வந்ததா இருக்கும். எடையும் குறையலை. ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கணும். அவசரம்னு தோணலை. மூணு வாரம் கழிச்சு ஒரு தேதி தர்றேன்."

இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொல்கிறார். அந்த உண்மையைத் தைத்துக் கொடுத்தவள் நான். வாயைத் திறந்தால் இவர் முகத்தில் எப்படி விழிப்பது? திறக்காவிட்டால் மூன்று வாரம்.

"டாக்டர், அந்த பெல்ட் பொய்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"பேண்டும் பொய். மூணு மாசமா அவருக்குத் தெரியாம நான்தான் பிரிச்சு விட்டுட்டு வந்தேன். பெல்ட்டும் மாத்தி வச்சேன். ரெண்டு தடவை. அளவு எல்லாம் எழுதி வச்சிருக்கேன்." எப்போதும் பையிலேயே கிடக்கும் நோட்டை எடுத்து, மீடியம் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன்.

டாக்டர் விரலை வைத்துப் படித்தார். இடுப்பு முப்பத்தைந்து, முப்பத்தாறரை, முப்பத்தெட்டரை, நாற்பத்தொன்று. படித்துக்கொண்டே வந்தவர் அடுத்த வரியில் நின்றார். மேற்கை பன்னிரண்டரை, பன்னிரண்டு, பதினொன்றரை, பதினொன்று. கழுத்தும் ஒரு அங்குலம் இறங்கியிருந்தது.

"இது எல்லாம் ஒரே ஆளோட அளவா?"

"ஆமா டாக்டர். நான்கூட டேப்பு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"டேப்பு கெடலை." அவர் பேனாவை மூடினார். "ஏழெட்டு கிலோ சதை கரைஞ்சிருக்கு. அந்த இடத்துல ஏழெட்டு லிட்டர் நீர் வந்து உக்காந்திருக்கு. ரெண்டும் ஈடாகிப் போனதால தராசு அதே எழுபத்திரண்டுன்னு காட்டியிருக்கு." பிறகு இவரிடம் குனிந்து கேட்டார். "கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கா? தூக்கத்துல வேர்க்குதா?"

இரண்டுக்கும் இவர் தலையசைத்தார். நாலு வாயில் தட்டைத் தள்ளியது ரோஷம் இல்லை. வயிற்றுக்குள் இடமில்லை. எனக்கு அப்போதே எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

டாக்டர் அவருடைய கழுத்தோரம், அக்குள், தொடை இடுக்கு எல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். தொடை இடுக்கில் ஒரு இடத்தில் விரல் திரும்பத் திரும்பப் போனது. "மூணு வாரம் வேண்டாம். இன்னிக்கே எடுத்துடலாம்" என்றார்.

இவர் கட்டிலில் படுத்து, சட்டையைத் தூக்கிவிட்ட பிறகு கேட்டார்.

"பெல்ட்டுமா?"

"பெல்ட்டும்தாங்க."

கூரையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். நோய் என்னவாக இருக்கும் என்று யோசிக்கிறார் என நினைத்தேன். "அந்தத் தழும்பு எப்படி உண்டாக்கின?" என்று கேட்டார்.

குழாய் வழியாக நீர் இறங்கியது. நான் தண்ணீர் மாதிரி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. டாக்டர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஈரல் கெட்டு வர்ற நீர் பெரும்பாலும் வெளிர் மஞ்சளா, தெளிவா இருக்கும். இது நிணநீர். நாம சாப்பிடுற கொழுப்பு குடல்லேர்ந்து இது வழியாத்தான் போகும். போற பாதையை ஏதோ அடைக்குது, அதான் கசியுது. காசநோயா இருக்கலாம், கட்டியா இருக்கலாம், வேற ஏதாவதாவும் இருக்கலாம். பார்க்காம சொல்ல மாட்டேன்." பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னார். "இவரு குடிக்கிறவர் இல்லை. இனிமே யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

தம்பி தரையைப் பார்த்தான். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வயிற்றில் குழாயோடு படுத்திருக்கிற மனிதருக்கு அத்தனை சந்தோஷம் ஆகாது.

பெரிய ஸ்கேனில் குடலுக்குப் பின்னால் கொத்தாகக் கட்டிகள் தெரிந்தன. ஊசியால் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் நான் இருநூறு சட்டைக்குக் காலர் தைத்து, அதில் முப்பதைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தேன்.

லிம்போமா என்றார் டாக்டர். நிணநீர் முடிச்சுகளில் வருகிற புற்றுநோய். இவருக்கு வந்திருக்கிற வகை வேகமாக வளரும், ஆனால் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடியது, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆறு தடவை கீமோ கொடுக்க வேண்டும், உறுதி என்று எதுவும் சொல்ல முடியாது, ஆனால் நம்பிக்கையாக ஆரம்பிக்கலாம் என்றார். இவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். நான்தான் அழுதேன். எனக்குப் பயமாக இருந்தது. "நான் பிரிச்சு விடாம இருந்திருந்தா முதல் மாசமே தெரிஞ்சிருக்கும் டாக்டர்" என்றேன்.

"தெரிஞ்சிருக்கலாம்" என்றார் அவர். ஆறுதலுக்காக 'அப்படி இல்லை' என்று சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போனது. "ஆனா நீங்க எழுதி வச்சிருந்தீங்க. அன்னிக்கு வாயைத் திறந்தீங்க."

கீமோ ஆரம்பித்தது. முடி போனது. மீசையும் போனது. இந்த முறை நான் மீசையைப் பற்றி மூச்சு விடவில்லை. நீர் வடிந்து, திரும்பக் கோக்காமல் நின்றது. இரண்டாவது தடவை முடிந்த வாரம், தான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். நான் கூடப் போனேன். மேடைத் தராசில் ஏறி நின்றார். அறுபத்தொன்று.

இறங்கினார். தராசின் ஓரத்தைத் தட்டினார். திரும்ப ஏறினார். அறுபத்தொன்று. அலமாரியிலிருந்து முத்திரைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தூக்க முடியவில்லை, நான் ஒரு கை கொடுத்தேன். வரிசையாக அடுக்கி, எண்ணைப் பார்த்தார்.

"தராசு சரியாத்தான் இருக்கு" என்றார். அப்படியே அந்த மேடையில் உட்கார்ந்துகொண்டார். நோய் தெரிந்த நாளிலிருந்து அவர் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகவே முன்னறைக்கு வந்து கைகளை விரித்துக்கொண்டு நின்றார். ஆர்டர் எதுவும் இல்லையே என்றேன்.

"அளந்து சொல்லு. சத்தமா சொல்லு. என் கண்ணு முன்னாடி எழுது. திருட்டுத் தையல் எல்லாம் இனிமே கிடையாது."

மேற்கையில் டேப்பைச் சுற்றினேன். பத்தரை. என் டேப் நான் சொன்னபடி கேட்கும். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், பதினொன்று காட்டும். முந்தின நாள் அவர் மேடையில் உட்கார்ந்திருந்த கோலம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அரை அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது, அந்த மனிதர் ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிடுவாரே என்று மனசு கெஞ்சியது. என் விரல் நகர்ந்தேவிட்டது. பிறகு இறுக்கிப் பிடித்தேன்.

"பத்தரை" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "எழுது" என்றார்.

மூன்றாவது கீமோவுக்குப் பிறகும் பத்தரைதான். அதையும் சொன்னேன். அதையும் எழுதச் சொன்னார். இடையில் எடுத்த ஸ்கேனில் கட்டிகள் பெருமளவு சுருங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். நல்ல செய்தி என்று தம்பி துள்ளினான். இவர் மட்டும், "படத்துல அவங்களுக்குத் தெரியுது, எனக்கு எங்க தெரியுது" என்று முணுமுணுத்தார். நான் டாக்டருடைய கோட்டை வாங்கி வந்து தோளைச் சரிசெய்து கொடுத்தேன். அதை மட்டும் அவர் திருப்தியாகப் பார்த்தார்.

நாலாவது தடவை முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம் போல வந்து நின்றார். அன்று காலை தட்டில் எதுவும் மிச்சம் இல்லை என்பதைக் கவனித்திருந்தேன், ஆனால் சொல்லவில்லை. டேப்பைச் சுற்றினேன். பார்த்தேன். எடுத்துவிட்டு இன்னொரு முறை சுற்றினேன்.

"என்ன?" என்றார்.

"பதினொண்ணு."

தம்பி அன்று அங்கே இருந்தான். "மச்சான், அக்காவை நம்பாதீங்க. நான் வேணா அளந்து பார்க்கட்டுமா?" என்று எழுந்தான்.

"நீ உக்காரு" என்றார் இவர். "பதினொண்ணுன்னா பதினொண்ணுதான்."

"ஏங்க, என்னை எப்படி நம்புறீங்க? நான் பெல்ட்டுக்கே தழும்பு வச்சவ."

"ரெண்டு தடவை பத்தரைன்னு சொன்னல்ல" என்றார். "அதான்."

நான் குனிந்து நோட்டில் எழுதினேன். எழுத்து கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. தேதி போட்டு முடித்து நிமிர்ந்தால், அவர் கையை இறக்கவே இல்லை.

"அதான் எழுதியாச்சே, கையை எறக்குங்க."

"இன்னொரு தடவை அள" என்றார். "சும்மா. கேக்க நல்லா இருக்கு."